மஸ்கட்டிலிருந்து தெரியும் வாசல்

12 பிப்ரவரி 2025

அத்தை இன்றும் வெளியே மாட்டிக்கொண்டார். கீரை வாங்க வாசலில் இறங்கியதும் பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. கார்டு உள்ளே, டிவி மேல். நான் குளித்துக்கொண்டிருந்தேன். அவர் தட்டியது தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. இடுப்பிலிருந்த பட்டன் போனை எடுத்து ஓமனில் இருக்கும் மகனைக் கூப்பிட்டிருக்கிறார். "ஏலே மதன், கதவைத் தொற."

கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நின்றவர் அங்கிருந்தே போனைத் தொட, திண்டுக்கல் ஆர்.எம். காலனியில் கதவு திறந்தது.

ஈரத்தலையோடு நான் வெளியே வந்தபோது அத்தை கீரைக்கட்டோடு நடுவீட்டில் நின்றார். "கடல் தாண்டி இருக்கவன் தொறந்து விடுறான். எட்டடியில இருக்கவளுக்குக் காது கேக்கல."

போன மாதம் லீவுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் செய்துவிட்டுப் போன ஏற்பாடு இது. சாவி கிடையாது. ஆளுக்கொரு கார்டு. பூட்டின் நெற்றியில் காட்டினால் திறக்கும். யார் கார்டில் எப்போது திறந்தது, உள்ளிருந்து எப்போது திறந்தது, எல்லாம் இவர் போனுக்குப் போய்விடும். அங்கே எரிவாயு ஆலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. "எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தான் கௌசி" என்றார். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். புதுச் சாமான் வாங்கினால் சந்தோஷப்படுகிற புத்தி எனக்கு.

15 பிப்ரவரி

அத்தை இனிமேல் கார்டை மறக்கக் கூடாதென்று ஒரு யோசனை செய்திருக்கிறார். தெருமுனை சைக்கிள் கடையில் கொடுத்து ஓட்டை போட்டு, மஞ்சள் கயிறு கோத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். பூட்டிடம் காட்டினார். பூட்டு அசையவில்லை. திருப்பிக் காட்டினார். துடைத்துக் காட்டினார்.

சாயங்காலம் வீடியோவில் இவர் தலையில் அடித்துக்கொண்டார். "அதுக்குள்ள சிப் இருக்கும்மா. ஓரம் பூரா மெல்லிசா கம்பி சுத்தியிருக்கும். ஓட்டை போட்டா அது அந்து போயிரும். செத்துப் போச்சு."

"செத்ததையா கழுத்துல போட்டுக்கிட்டுத் திரியறேன்" என்று கழற்றி எறிந்தார் அத்தை. பீரோவிலிருந்து மாற்றுக் கார்டை எடுத்துக் கொடுத்தேன்.

20 பிப்ரவரி

இன்னொரு கார்டும் இருக்கிறது. கடையில் காட்டினால் போதும், பணம் போகும். இவர் கணக்கிலிருந்து போகிறது, ஆகவே சேதியும் இவருக்கே போகிறது. கதவு ஒரு சேதி, கடை ஒரு சேதி. நான் நாகல் நகர் வரை போய் வந்தால் மஸ்கட்டில் ஒரு பயணக் கட்டுரையே எழுதிவிடலாம்.

நல்லவேளை, வேலை நேரத்தில் தொந்தரவு இல்லை. எரிவாயு இருக்கும் இடம் என்பதால் ஆலைக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நான்கு வருடமாக அப்படித்தான். ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறியதும் மொத்தமாகப் பார்த்துவிட்டு மொத்தமாகக் கேட்பார். வீட்டுப்பாடம் மாதிரி. நானும் சாயங்காலத்துக்குள் பதில்களைத் தயாராக வைத்திருப்பேன்.

5 மார்ச்

இன்று கதவு திறந்ததற்கெல்லாம் காரணம் சொல்லி முடித்தேன். கடைசியாகத் திறந்தது குப்பை கொட்ட.

11 மார்ச்

பழனி ரோட்டில் மோட்டார் பம்புசெட் கடை வைத்திருக்கும் மணிமாறன் சாரை பேங்கில் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அவர் கடையில்தான் கணக்கெழுதினேன். ஒட்டன்சத்திரத்துக்காரர். மரியாதைக்குக் குறைவிருக்காது. "ஏனுங்க கௌசல்யா, மறுபடி வாரீங்களா? நீங்க போனதுக்கப்புறம் வந்த ஆளுங்க யாரும் நிலைக்கலீங்க" என்றார்.

எனக்கு உள்ளே என்னவோ துள்ளியது. பி.காம் படித்துவிட்டு மிளகாய் காயவைத்துக்கொண்டிருக்கிறேன். வேறென்ன துள்ளும்?

இவரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான் சம்பாதிக்கிறது உனக்குப் பத்தலையா?"

"பத்தலைன்னு சொல்லலங்க. சும்மா இருக்கிறதுக்கு..."

"ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? புருசன் வெளிநாட்டுல இருக்கான், பொண்டாட்டி மோட்டார் கடைக்குப் போறான்னா?"

அவ்வளவு கோபம் எதற்கென்று புரியவில்லை. இதற்கு முன் இப்படிக் கத்தியதில்லை. குரல் முடியும் இடத்தில் கொஞ்சம் உடைந்தது. போன் லைன் சரியில்லை போல.

19 மார்ச்

காலை பதினொரு மணி வாக்கில் மளிகைக்குக் கிளம்பினேன். படி இறங்கவில்லை, போன் அடித்தது.

"எங்க கிளம்பிட்ட?"

"மளிகைக்கு. நீங்க வேலைக்குப் போகலையா?"

"ரம்ஜான் மாசம்ல. வேலை நேரம் குறைச்சல்."

சரிதான். ஆனால் தினமும் இப்படியே நடக்கிறது. கதவு திறந்தால் போன். பால்காரர் வந்தால் போன். முன்பு சாயங்காலம் ஒரே பரீட்சை. இப்போது மணிக்கொரு டெஸ்ட்.

மதியம் அடுத்த வீட்டு அக்கா வந்து, வழக்கம்போல, "என்ன கௌசல்யா, ஏதும் விசேஷம் உண்டா?" என்று வயிற்றைப் பார்த்தார். நான் பதில் தேடுவதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "அவன் அங்கிட்டு இருந்து கதவைத்தான் தொறக்க முடியும். மத்ததுக்கெல்லாம் நேருலதான வரணும்?" அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஓடியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது சிரிப்பினால்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

2 ஏப்ரல்

மருந்துக்கடையில் அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை. கார்டைக் காட்டினேன். மெஷின் ஒரு மாதிரி முனகியது. "ரிஜெக்ட் ஆகுதுக்கா." துடைத்துக் காட்டினேன். சொருகிப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணம் கொடுத்தார். அவருடைய மெஷின் மட்டும் என்றைக்கும் முனகியதில்லை.

இவரிடம் சொன்னேன். "சிப் தேஞ்சிருக்கும். பர்ஸ்ல போட்டு உரசிக்கிட்டே இருந்தா அப்பிடித்தான்."

ஜனவரியில் வந்த கார்டு. தேயுமா?

8 ஏப்ரல்

ரம்ஜான் முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. இன்று காலை பத்தரைக்குக் கரண்ட் பில் கட்டப் போனேன். வாசல் கேட்டைத் தாண்டவில்லை, போன்.

"எங்க போற?"

சொன்னேன். வைத்துவிட்டார். ஆட்டோவில் உட்கார்ந்து யோசித்தேன். இங்கே பத்தரை என்றால் அங்கே ஒன்பது. ஒன்பது மணிக்கு இவர் ஆலைக்குள் இருக்க வேண்டும். ஆலைக்குள் இருந்தால் போன் கேட்டில் இருக்க வேண்டும். போன் கேட்டில் இருந்தால் நம் வீட்டுக் கதவு திறந்தது இவருக்கு எப்படித் தெரிந்தது?

கரண்ட் ஆபீஸைத் தாண்டிப் போய்விட்டது ஆட்டோ. நான் சொல்ல மறந்துவிட்டேன்.

9 ஏப்ரல்

இன்று ஒரு காரியம் செய்தேன். எங்கும் போகவில்லை. கதவை மட்டும் திறந்து, மூடினேன்.

போன் வந்தது. "யாரு வந்தா?"

"யாரும் இல்ல. காத்து."

அரை மணி கழித்து மறுபடி திறந்தேன். மறுபடி போன். "இப்ப யாரு?"

கதவைத் திறந்தவள் நான். ஆனால் அந்த ‘யாரு' என்ற கேள்வி இருக்கிறதே... அது என்ன கேள்வி? கல்யாணமாகி நாலு வருசத்துல நாப்பது நாப்பது நாளா எண்ணி என்கூட இருந்த மனுசன், என்னய பாத்து யாரு வந்தான்னு கேக்குறதா? உடம்பெல்லாம் எரிஞ்சது.

"ஏங்க, ஒண்ணு கேக்கவா? நீங்க சைட்லதான இருக்கீங்க?"

"ஆமா."

"போனோடயா?"

எங்கோ காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. ஆலைக்குள் ஏது சீலிங் ஃபேன்? வைத்துவிட்டார்.

10 ஏப்ரல்

இன்று கதவு எத்தனையோ தடவை திறந்தது. ஒரு போன் இல்லை.

கேட்கமாட்டாரா என்றிருந்தது. இது என்ன பிழைப்பு? நேற்று வரை கேட்கிறாரே என்று அழுதேன்.

12 ஏப்ரல்

சேக் பரீது என்று ஒருவர் மஸ்கட்டிலிருந்து பேசினார். நம் பேகம்பூர்தான். அங்கே பெயிண்ட் கடையில் வேலை. இவரோடு பழக்கமென்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"அக்கா, நான் சொன்னேன்னு மதனண்ணனுக்குத் தெரிய வேணாம். ஆனா சொல்லாம இருக்க முடியல. பிப்ரவரி கடைசியிலேயே அவங்க கம்பெனி காண்ட்ராக்ட் முடிஞ்சு போச்சு. எல்லாரையும் அனுப்பிட்டாங்க. பாக்கி தாரேன் தாரேன்னு இழுத்தடிக்கிறாங்க. அண்ணன் என் ரூம்லதான் இருக்காரு."

அடுப்பை அணைத்துவிட்டுப் போனை மறுபடி காதில் வைத்தேன்.

"காலையில நாங்க எல்லாரும் வேலைக்குப் போயிருவோம்க்கா. அவரு மட்டும் கட்டில்ல போனை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. சோறு இறங்கல. உங்க வீட்டுக் கதவு தொறந்தா மட்டும் எந்திரிச்சு உக்காருவாரு. ‘அம்மா கீரை வாங்கப் போறா, இப்ப கௌசி பால் வாங்குறா'ன்னு எங்ககிட்டயே சொல்லுவாரு. மொதல்ல சிரிச்சோம்க்கா. இப்ப சிரிக்க முடியல."

போனை வைத்துவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூட்டின் நெற்றியில் பச்சை விளக்கு. என்னைக் காவல் காக்கிறதென்று நினைத்து இத்தனை நாளும் முறைத்துக்கொண்டிருந்தேன். மெதுவாகத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

அங்கே எழுந்து உட்கார்ந்திருப்பார்.

14 ஏப்ரல், சித்திரை முதல் நாள்

பாயசம் வைத்தோம். அதன் பிறகு நானே கூப்பிட்டேன். சேக் பரீது பெயரை எடுக்கவில்லை. நானாகக் கண்டுபிடித்தது போலப் பேசினேன். முக்கால்வாசி உண்மைதானே.

"எப்ப சொல்றதா இருந்தீங்க?"

"வேற வேலை கெடைச்சதும் சொல்லலாம்னு..."

"என்னய வேலைக்குப் போகக் கூடாதுன்னு கத்துனீங்களே, அன்னைக்கே உங்களுக்கு வேலை இல்ல."

"ஆமா."

"யாரு வந்தா யாரு வந்தான்னு கேட்டீங்களே!"

ஃபேனை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். "தப்பாக் கேக்கல கௌசி. நெசமாத்தான் கேட்டேன். யாராச்சும் வந்தா எனக்கும் வந்த மாதிரி இருந்துச்சு. இங்க யாரும் வரமாட்டாங்க."

ரெண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த வசவையெல்லாம் விட்டுவிட்டு, சாப்பிட்டாரா என்று கேட்டேன். இப்போது எழுதும்போது மறுபடி கோபம் வருகிறது. சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன மூணாவது மனுசியா?

அத்தையிடம் நான்தான் சொன்னேன். அழுவார் என்று தண்ணீர்ச் செம்போடு நின்றேன். அவர் பாயசத்தைக் குடித்து முடித்தார். "வீட்டு வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கதுக்கு அம்புட்டுத் தூரம் எதுக்கு? இங்கன வந்து உக்காந்து பாக்கச் சொல்லு."

21 ஏப்ரல்

யாரிடமும் கேட்காமல் மணிமாறன் சார் கடைக்குப் போனேன். "வாங்க வாங்க, உங்க நாற்காலி அப்படியேதான் இருக்குதுங்க" என்றார். நாற்காலி அப்படியே இருந்தது. வாசலில் மட்டும் ஒன்று புதிதாக முளைத்திருந்தது. சுவரில் சின்னக் கறுப்புப் பெட்டி.

"எல்லாருக்கும் ஒரு கார்டு குடுத்திருக்கோமுங்க. வரும்போது போகும்போது காட்டிட்டா போதும். டீ குடிக்கப் போனாலும் காட்டோணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

வீட்டை விட்டு வந்தால் இங்கேயும் ஒரு கார்டு. போட்டோவில் நான் திருடி மாதிரி இருக்கிறேன். வாங்கிக்கொண்டேன். இந்தக் கார்டைத் தட்டும்போது மட்டும் கைக்கு ஏனோ ஒரு மிடுக்கு வருகிறது.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். "காலையில கதவு தொறந்துச்சு, அப்புறம் தொறக்கவே இல்ல. அப்பவே நெனச்சேன்" என்றார். கத்தவில்லை.

9 மே

பாக்கியில் பாதி வந்ததாம். டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். மீதிப் பாதி வரும்வரை இருக்கிறேன் என்றார். அத்தை போனைப் பிடுங்கி, "ஏலே, வாரியா இல்ல நான் வரட்டுமா?" என்றார்.

30 மே

வந்துவிட்டார். எப்படி வந்தார் என்பதை எழுதாமல் இருக்க முடியாது.

மதுரைக்கு விமானம் மதியம் என்றார், ஆகவே நான் கடைக்குப் போய்விட்டேன். அத்தை கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு. விமானத்தை மாற்றி விட்டார்களோ என்னவோ, பதினோரு மணிக்கே பெட்டியோடு வாசலில் வந்து நின்றிருக்கிறார். இவருக்கென்று ஒரு கார்டு இவர் போட்டுக்கொள்ளவே இல்லை. தூரத்தில் இருக்கிற ஆளுக்குக் கார்டு எதற்கு என்று விட்டுவிட்டார். போனில் திறக்கலாமென்றால் ஓமன் சிம்முக்கு இங்கே நெட் இல்லை.

அடுத்த வீட்டு அக்காவின் போனை வாங்கி எனக்குப் பேசினார். "கௌசி, நான் வெளிய நிக்கிறேன்."

மஸ்கட்டில் உட்கார்ந்து இந்தக் கதவைத் திறந்த மனுஷன். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"செத்த நேரம் நில்லுங்க. ஒரு பில்லு பாதியில இருக்கு, முடிச்சிட்டு வாரேன்."

"சரி" என்றார். அவ்வளவு சாதுவாக அவர் ‘சரி' சொல்லி நான் கேட்டதில்லை. பில்லைப் பாதியிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

மெலிந்திருந்தார். படியில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். அடுத்த வீட்டு அக்கா கொடுத்த மோர் டம்ளர் கையில். என் கார்டைக் காட்டினேன், திறந்தது. உள்ளே வராமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போங்க உள்ள. சேதி யாருக்கும் போகாது இன்னைக்கு" என்றேன்.

12 ஜூன்

பூட்டின் பொறுப்பை என் போனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். "நீதான வெளிய போயிட்டு வர்றவ. நீயே வச்சுக்க." அவருக்கும் ஒரு கார்டு பதிந்தோம். பெயர் என்ன போட என்று கேட்டேன். "என்னமும் போடு" என்றார். மதன் என்று போட்டேன்.

பகலெல்லாம் வீட்டில்தான். அத்தைக்கு வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக் கொடுக்கிறார். வேலை தேடுவதாகச் சொல்கிறார். போனில் தேடுகிறார்.

26 ஜூன்

மூன்று நாளாக அவர் கார்டு கதவைத் தொடவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால் – தெரிகிறது. மோட்டார் பில் போடும்போது போன் தானாக என் கைக்கு வருகிறது. அத்தை, அத்தை, அத்தை. மதன் என்ற பெயர் இல்லை.

மதியம் கூப்பிட்டு, "வெளிய போயிட்டு வாங்களேன்" என்றேன்.

"போகலைன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார். வெடுக்கென்று. பிறகு அவரே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

27 ஜூன்

சேதிகளை அணைத்துவிட்டேன். கதவு திறந்தால் திறக்கட்டும்.

3 ஜூலை

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவர் இல்லை. "காலையிலயே போயிட்டான். எங்கன்னு சொல்லல" என்றார் அத்தை. போனில் பூட்டின் ஆப்பைத் திறந்தால் எப்போது போனார் என்றாவது தெரியும். திறக்கவில்லை. காபி போட்டேன். ஆறியது. பின்னும் ஒன்று போட்டேன்.

விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் வந்தார். சட்டையெல்லாம் பஞ்சு. வேர்வை. முகம் என்னவோ வேறு மாதிரி இருந்தது. கை கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். ரசம் ஊற்றினேன். அப்பளம் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்தார். மறுபடி பார்த்தார்.

"என்ன கௌசி, ஒரு வார்த்தை கேக்கமாட்டியா?"

"என்ன கேக்க?"

"நாள் பூரா எங்க போயிருந்தேன்னு."

முகம் சுருங்கியிருந்தது. நிஜமாகவே வருத்தப்படுகிறார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"சரி, எங்க போயிருந்தீங்க?"

"வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லு. தீப் பாதுகாப்புக்கு ஆள் வேணுமாம்" என்று ஆரம்பித்தார். பஸ்ஸில் இடம் கிடைக்காதது, மேனேஜர் காக்க வைத்தது, குடோனில் அவசர வழிக் கதவை மூட்டை போட்டு அடைத்திருந்தது, இவர் அதை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டது, அதற்குப் பிறகுதான் மேனேஜர் உட்காரச் சொன்னது, திங்கட்கிழமை வரச் சொன்னது. சோறு காய்ந்துகொண்டிருந்தது. அத்தை வந்து தூணில் சாய்ந்துகொண்டார். இவர் விட்ட இடத்தில் தொடங்கி, நடுவில் மறந்ததைச் சொல்லப் பின்னால் போய், சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அப்புறம்?" என்றேன்.